டேங்க் மூடியும் நான் எழுதிய ஜாப் கார்டும்

1. நாலாவது தடவை

“சம்பத், அந்தம்மா மறுபடி வண்டிய நடு கிரவுண்டுல நிறுத்திட்டாங்க. இந்த மாசத்துல இது நாலாவது தடவ. நீங்க வந்து பாருங்க. மெஷின் ப்ராப்ளமா, ஆள் ப்ராப்ளமா, ரெண்டுல ஒண்ண எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஸ்போர்ட்ஸ் டேக்கு எனக்குப் பத்து நாள்தான் இருக்கு.”

போனில் பேசியவர் பெர்னார்ட் சார். சாந்தோம் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூட வளாகத்தின் எஸ்டேட் மேனேஜர். நான் அப்போது அடையாறில் ஒரு பங்களாவின் பின்பக்கம் ஒரு கார்டன் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, துருப்பிடித்த பிளேடு போல்ட்டுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டிருந்தார். “இதோ வர்றேன் சார்” என்று இவரிடமும் சொன்னேன். அன்றைக்கு நான் “இதோ வர்றேன்” சொன்ன நாலாவது ஆள் அவர்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கார்டன் டிராக்டர் என்பது வயலில் உழுகிற வண்டி அல்ல. உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பெட்ரோல் எஞ்சின், நடுவில் வயிற்றுக்கு அடியில் தொங்குகிற மோவர் டெக், அதற்குள் சுழலும் பிளேடுகள், இவற்றை இழுக்க நீளமான பெல்ட்கள். சென்னையில் இவை அதிகம் கிடையாது. பெரிய மைதானம், கிளப், கான்வென்ட் இப்படி இடங்களில்தான் இருக்கும். பாதிக்கு மேல் இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடிய கிழங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. கிடைத்தாலும் கப்பலில் வந்து சேர்வதற்குள் அடுத்த மழைக்கால புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். அதனால் நாங்கள் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் கிடைப்பதை வைத்து ஒட்டுப்போட்டு ஓட்டுவோம். ஜெனரேட்டர் மூடி டிராக்டரில் உட்காரும், ஆட்டோவின் கேபிள் த்ராட்டிலில் ஏறும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் இருக்க வராது. ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நான் டீயை நடந்துகொண்டேதான் குடிப்பேன். “உங்களுக்கு எதுக்கு ஒரு சேர் வாங்கிப் போட்டோம்னு தெரியல” என்பாள் என் மனைவி. கஸ்டமர்கள் இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. ரெஜினா சொன்னது

மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் பாதித் தெருக்களைத் திருப்பி விட்டிருந்தார்கள். லஸ்ஸைச் சுற்றி, மந்தைவெளியைச் சுற்றி, ஒரு வழியாகப் போய்ச் சேர்வதற்குள் எரிச்சல் தலைக்கேறியிருந்தது. டிராக்டரைத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ரெஜினா நின்றிருந்தார்.

ரெஜினாவுக்கு நாற்பது வயது இருக்கும். அந்த வளாகத்தில் பத்து வருஷத்துக்கு மேல் இலை கூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர். பழைய டிரைவர் ரிட்டையர் ஆனதும் புதிய ஆள் கிடைக்கவில்லை. “நான் ஓட்டிப் பாக்கட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தவர், ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். பெர்னார்ட் சாருக்கு அதில் முழு மனசு இல்லை. ஸ்போர்ட்ஸ் டே வரைக்கும் பார்க்கலாம், சரிப்பட்டால் டிரைவர் போஸ்ட்டைக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் மறுபடி துடைப்பம் என்று சொல்லிவைத்திருந்தார். ரெஜினா இதை அறிவார். வண்டி ஒவ்வொரு முறை நின்றபோதும் அந்த போஸ்ட் அவர் கையைவிட்டு ஒரு அடி தள்ளிப் போனது.

நான் வழக்கம்போல முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சை அடித்து பெட்ரோல் பார்த்தேன். முக்கால் டேங்க் இருந்தது. மூடியை மட்கார்டு மேல் வைத்துவிட்டு ஸ்பார்க் பார்த்தேன், ஃபில்டர் பார்த்தேன், சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஷெட்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டினேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கலாம். ஒரு இருமல்கூட இல்லை.

“நல்லாத்தான கீது. இன்னாம்மா பண்றீங்க இத?” என்றேன்.

“இப்ப நல்லாத்தாண்ணா ஓடும். பாதி கிரவுண்டு தாண்டுனாத்தான் பேஜாரு. இழுத்து இழுத்து அணைஞ்சிடுது. அதுவும் டேங்க்கு ஃபுல்லா இருந்தா சீக்கிரமா நிக்குது. கம்மியா இருந்தா கொஞ்சம் லேட்டா நிக்குது.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“பெட்ரோல் ஜாஸ்தியா இருந்தா சீக்கிரம் நிக்குமா? தலைகீழா சொல்றீங்களே. சோக்க இழுத்து விட்டுட்டு மறந்துட்டு ஓட்டுறீங்க, அதான்.”

“சோக்க நான் தொடவே மாட்டேண்ணா. வேணும்னா நீங்களே ஒரு கிரவுண்டு ஓட்டிப் பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

“எனக்கு டைம் கீதாம்மா? தி.நகர்ல ஒருத்தரு காத்துக்கினு கீறாரு.”

மூடியை மாட்டிவிட்டு ஜாப் கார்டை எடுத்தேன். “மெஷின் ஓகே. ஆபரேட்டர் ஹேண்ட்லிங்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது சாயந்திர நேரம். தோட்டக்காரர்கள், வாட்ச்மேன்கள், துப்புரவுப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வரிசையில் நின்றிருந்தார்கள். கார்டைக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் வந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு வேணும், அவ்ளோதான்.”

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ரெஜினா டிராக்டரின் மேல் தார்ப்பாயைப் போர்த்தினார். நான் பைக்கைக் கிளப்பிவிட்டேன்.

3. கேமராவில் தெரிந்தது

நாலு நாள் கழித்து மறுபடி பெர்னார்ட் சார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. அவர் குரல் தணிந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“சம்பத், கிரவுண்ட் கேமராவப் போட்டுப் பாத்தேன். வண்டி நிக்குற ஒவ்வொரு தடவையும் அந்தம்மா இறங்கி, சுத்திமுத்தி பாத்துட்டு, பெட்ரோல் டேங்க்கத் திறக்குறாங்க. அப்புறம் மூடிட்டு ஸ்டார்ட் பண்றாங்க. மெஷின் ஓகேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. மெஷின் ஓகேன்னா நடு கிரவுண்டுல டேங்க்கத் திறக்க என்ன வேலை?”

“கேனு, பாட்டிலு ஏதாவது கையில தெரியுதா சார்?”

“தெரியல. தூரத்துல இருக்கு கேமரா. பெட்ரோல் எடுக்கப் பழகிப் பாக்குறாங்களோ என்னவோ. நாளைக்கு கரஸ்பாண்டன்ட் ஃபாதர்கிட்ட பேசப் போறேன். உங்க கார்டும் ஃபைல்ல இருக்கு. டிராக்டர விட்டு எடுக்குறது மட்டும் இல்ல, வேலையிலயே வெச்சிருக்கணுமான்னு முடிவு பண்ணணும்.”

போனை வைத்த பிறகு எனக்கு இருப்பு கொள்ளவில்லை. தி.நகர் மண்டபத்தில் வேலை பாதியில் இருந்தது. ஸ்பேனரை எடுத்தேன், வைத்தேன். பெல்ட்டை மாட்டினேன், கழற்றினேன். மண்டபத்துக்காரர், “இன்னா நைனா, பேய் அடிச்சா மாதிரி கீற?” என்றார்.

ஒரு பெண் டேங்க்கைத் திறக்கிறாள், மூடுகிறாள், வண்டி கிளம்புகிறது. எடுத்துப் போக ஒரு பாட்டில்கூட இல்லை. அப்படியென்றால் திறப்பதுதான் வேலை. திறந்தால்தான் வண்டி கிளம்புகிறது. இது இந்தத் தொழிலில் முதல் வருஷம் இருக்கிறவனுக்கே தெரிய வேண்டிய விஷயம். அந்த மூடிக்கு நான் என்ன செய்திருந்தேன் என்பது மங்கலாக நினைவுக்கு வந்தது. உறுதியாக வரவில்லை. இத்தனை வண்டிகளில் இத்தனை மூடிகளைப் பார்த்தவனுக்கு எது எங்கே என்று பிரியவில்லை.

ஒவ்வொரு சிக்னலிலும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே சாந்தோம் போய்ச் சேர்ந்தேன். ரெஜினா ஷெட்டுக்குள் டெக்கில் ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“மூடியத் தெறந்தா வண்டி கிளம்புதா?” என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“சொல்லும்மா. நான் யார்கிட்டயும் போட்டுக் குடுக்க வரல.”

“எஞ்சினு சூடா கீறப்போ டேங்க்கத் தெறக்கக் கூடாது, தெறந்தா சீட்டக் கிழிச்சிடுவாங்கன்னு நீங்கதானண்ணா மொத நாளு சொன்னீங்க. அதான் அன்னிக்குச் சொல்லல. காத்து எறங்குறா மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம் வண்டி எடுத்துக்கும். பத்து நிமிசம் ஆறவிட்டுத்தாண்ணா தெறக்குறேன். தப்புன்னு தெரியும். கிரவுண்ட முடிக்கணுமில்ல?”

அந்த விதியைச் சொன்னது நான்தான். சரியான விதிதான். அதற்குப் பயந்துதான் அவர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். கேமராவில் அது திருட்டுமுழியாகத் தெரிந்திருக்கிறது.

4. இருபத்து மூன்று நிமிஷம்

டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, நானே ஏறி உட்கார்ந்தேன். ரெஜினா மைதானத்தின் ஓரத்தில் நின்றார்.

பழைய கார்டன் டிராக்டரில் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். பிளேடு சுற்றும்போது ஓட்டுகிறவர் சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். கால் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. ஆக, இறங்கவும் முடியாது, எழுந்து நிற்கவும் முடியாது. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது.

ஐந்து நிமிஷம் ஓடியது. மூன்று வருஷமாக நான் இந்த வண்டிக்கு வருகிறேன், இந்த ஐந்து நிமிஷத்தைத் தாண்டி ஒரு நாளும் ஓட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டு நிமிஷத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் தொடை அரித்தது. வெயில் பிடரியில் இறங்கியது. போன் மறுபடி அதிர்ந்தது. வரிசை வரிசையாகப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, மைதானத்தின் கோல் போஸ்ட்டை எத்தனை தடவை கடந்தேன் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். வண்டி சீராக ஓடிக்கொண்டே இருந்தது. ஓடட்டும், நிற்காமலே ஓடட்டும், அந்தம்மா ஏதோ கற்பனை செய்திருக்கட்டும், நான் எழுதியது சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு ஒரு பக்கம் வேண்டிக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேண்டிக்கொண்டது.

இருபத்து மூன்றாவது நிமிஷம் எஞ்சின் ஒரு முறை இழுத்தது. பிறகு இன்னொரு முறை. பாதி மைதானம் தாண்டிய இடத்தில் அணைந்தது. சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஆறவிட்டேன். அதற்குள் ரெஜினா நடந்து வந்து பக்கத்தில் நின்றார். மூடியை மெதுவாகத் திருகினேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது.

“இந்தச் சத்தந்தாண்ணா” என்றார் ரெஜினா.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே கருப்பாக ஒரு கேஸ்கட். என் கைவேலை. பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் கார்டு எழுதியதற்கு முந்தைய தடவை வந்தபோது, மேடுபள்ளத்தில் பெட்ரோல் தெறித்துத் தன் துணியெல்லாம் நனைகிறது, வாசனையில் தலை வலிக்கிறது என்று ரெஜினாதான் சொல்லியிருந்தார். பழைய மூடி வெயிலில் வெடித்திருந்தது. ஒரு ஜெனரேட்டர் மூடியை மாட்டி, லீக் ஆகாமல் இருக்க கேஸ்கட் ஷீட்டில் ஒரு வாஷர் வெட்டினேன். நடுவில் ஓட்டை விட்டு வளையமாக வெட்ட வேண்டும். ஏனென்றால் மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாகத்தான் டேங்க்குக்குள் காற்று போகும். வளையமாக வெட்ட இரண்டு நிமிஷம் ஆகும். அன்றைக்கு யாரோ போனில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். முழு வட்டமாகவே வெட்டி உள்ளே அழுத்திவிட்டுக் கிளம்பினேன். லீக் நின்றது. காற்றும் நின்றது.

காற்று போகாவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் மேலே ஏறாது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று குறைவு, அதனால் சீக்கிரம் நிற்கும். பாதி காலியாக இருந்தால் காற்று அதிகம், தாமதமாக நிற்கும். ரெஜினா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. தலைகீழாகப் புரிந்துகொண்டவன் நான். வந்தவுடனே மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிற என் பழக்கமே அந்தக் கோளாறை என் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது. வண்டிக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்குப் பரிசோதனையே செய்திருக்கிறேன்.

கேஸ்கட்டைப் பிடுங்கி ரெஜினாவிடம் காட்டினேன். “இது நான் போட்டது. தப்பு என்னுது” என்றேன். அவர் அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

5. இரண்டாவது கார்டு

பெர்னார்ட் சார் நடந்ததைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. ஃபாதரிடம் இன்னும் பேசவில்லை என்பதில் அவருக்கே பெரிய நிம்மதி.

“சரி, நல்லதாப் போச்சு. வேற கார்டு எழுதி வெச்சிடுங்க. பழசக் கிழிச்சிடலாம்.”

எழுதினேன். “டேங்க் மூடி பழுது. சரி செய்யப்பட்டது.” கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ஆபரேட்டர் கையெழுத்துக்காக ரெஜினாவிடம் கார்டு போனது. அவர் நின்றபடி நிதானமாகப் படித்தார்.

“மூடிய யாரு பழுதாக்குனதுன்னு இதுல இல்லியே சார்.”

பெர்னார்ட் சார் சங்கடமாகச் சிரித்தார். “அதான் சரி ஆயிடுச்சே ரெஜினா. உம்மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. விடு.”

“உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு சார். அன்னிக்கு லைன்ல நின்னுக்கினு சிரிச்சாங்களே, அவங்களுக்கு? இப்ப நான் பெட்ரோல் எடுக்குறேன்னு கேட்டு வாசல் வரைக்கும் பேசிக்கினு கீறாங்க. எல்லாரு முன்னாடியும் சொன்னத ரூமுக்குள்ள மாத்துனா இன்னா சார் அர்த்தம்?”

குரல் உயரவில்லை. எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. தி.நகர் வேலை இருக்கிறது, நேரமாகிறது என்று ஒரு சாக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். அந்தக் கார்டைக் கிழித்து வேறு எழுதினேன். “மெக்கானிக் தவறாகப் போட்ட கேஸ்கட்டால் வண்டி நின்றது. ஆபரேட்டர் மீது எந்தத் தவறும் இல்லை. முன்பு கொடுத்த கார்டு தவறு.” இப்படி ஒரு கார்டை என் சர்வீஸில் நான் எழுதியதில்லை. ரெஜினா படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி வருகைப் பதிவுக்கு நான் போய் நின்றேன். அதே ஆட்கள். கேஸ்கட்டைக் கையில் தூக்கிக் காட்டினேன்.

“அன்னிக்கு ஓட்டத் தெரிஞ்ச ஆளு வேணும்னு சொன்னேன். வண்டி நின்னதுக்குக் காரணம் நான் போட்ட இந்த வாஷர். இந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்ல. டேங்க்கத் தெறந்தது வண்டிய ஓட வைக்கத்தான், வேற எதுக்கும் இல்ல. கோளாறு இன்னான்னு இவங்க எங்கிட்ட கரெக்டா சொன்னாங்க, நான்தான் காதுல வாங்கல. மன்னிச்சிடும்மா.”

இரண்டு நிமிஷப் பேச்சு. வியர்த்துக் கொட்டிவிட்டது. வாட்ச்மேன் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தரையைப் பார்த்தார். ரெஜினா எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

“கேட்டுக்கினீங்களா?” என்றார். அவ்வளவுதான். சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தார்.

அவர் ஏறி உட்கார்ந்து மைதானம் முழுவதையும் வெட்டி முடிக்கிற வரைக்கும் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் எழ வேண்டும் என்று தோன்றும், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

தம்பிகளே, வண்டி ஸ்டார்ட் ஆவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். எத்தனை நேரம் ஓடி நிற்கிறது என்று ஓட்டுகிறவர் சொல்கிறாரோ, அத்தனை நேரம் நீங்களும் அந்த சீட்டில் உட்காருங்கள். அவர் சொல்வது தலைகீழாகப் பட்டால் சிரிக்காமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கார்டில் நீங்கள் போகிறபோக்கில் எழுதுகிற இரண்டு வார்த்தை, நீங்கள் அடுத்த வேலைக்குப் போன பிறகும் அந்த ஃபைலில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் வேலையைத் தின்னும். நான் கிளம்பிப் போய்விட்டேன். அவர் அங்கேயேதான் இருந்தார்.

ஸ்போர்ட்ஸ் டே முடிந்ததும் பெர்னார்ட் சார் கூப்பிட்டு, இப்படி ஒரு கார்டு ஃபைலில் இருக்கும்போது சர்வீஸ் கான்ட்ராக்டைத் தொடர்வது கஷ்டம் என்று மரியாதையாகச் சொன்னார். வருத்தமாகத்தான் இருந்தது, நியாயமாகவும் இருந்தது. அந்த வளாகத்துக்கு இப்போது வேறொரு மெக்கானிக் போகிறார். டிரைவர் போஸ்ட்டில் ரெஜினா இருக்கிறார்.